துடுப்பில் இரண்டு கோடுகள்

மீன் பிடிப்போரைப் பொதுவாக இரு வகையினராகப் பிரித்தல் கூடும். ஒரு சாரார் மீன் தம்மிடம் வருமளவும் காத்திருப்போர். மற்றொரு சாரார் மீனைத் தேடிச் செல்வோர். கரையிலே குந்தியிருந்து தூண்டில் போடுபவனும், மாலையிலே வலையைக் கட்டிவிட்டு விடியலிலே எடுக்கச் செல்பவனும் முதல் வகையினர். வீச்சுவலையைத் தோளில் இட்டுக்கொண்டு, நீர்மேல் எழும் சிறு சுழியையும் கண்ணால் அளந்து நடப்பவன் இரண்டாம் வகையினன். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு முறையும் உண்டு. தோணி மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அதன் பின்னே, நீண்ட கயிற்றின் நுனியிலே, இரையோ இரையைப் போலச் செய்யப்பட்ட பொய்மீனோ நீரினுள் நீந்தி வரும். தேடுதலும் காத்திருத்தலும் ஒருங்கே நிகழும் இம்முறையை ஆங்கிலேயர் ட்ரோலிங் என்பர். தமிழிலே ஓட்டுத் தூண்டில் எனல் பொருந்தும்.

இதனைக் கேட்டவுடன் சிலர்க்கு ரோலர் எனப்படும் இழுவைப் படகு நினைவுக்கு வரலாம். அது கடலின் அடித்தளத்தை வாரிச் செல்லும் பெருமடியை இழுப்பது. பெரிது சிறிது பாராதது. வேண்டியது வேண்டாதது அறியாதது. ஓட்டுத் தூண்டிலோ ஒரு நேரத்தில் ஒரு மீனையே நாடுவது. ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ஒலியால் நெருங்கியிருப்பினும் தொழிலால் வெகுதூரம் விலகியவை. கடலிலே அறக்குளா, சூரை முதலிய விரைந்தோடும் மீன்களைப் பிடிப்பதற்கு இலங்கை மீனவர் ஓட்டுத் தூண்டிலைக் கையாளுவர். அமைதியான வாவியிலே, துடுப்பால் வலிக்கும் சிறு தோணியிலிருந்து இதனைக் கற்பது எங்ஙனம் என்பதும், கற்றவன் எதனை மறவாதிருத்தல் வேண்டும் என்பதுமே இப்பேச்சின் பொருள்.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரையில், கடற்கரைக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்கும் அதற்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலமே உண்டு. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. அவன் படும் பக்கத்துக் கரை படுவான்கரை. எழுவான்கரையிலே தென்னந்தோப்புகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஊர்களும் உள்ளன. படுவான்கரையிலே வயல்வெளி பரந்து கிடக்கின்றது. வாவியின் நீளம் பெரிதாயினும் ஆழம் சிறிது. ஆழமான இடங்களும் நான்கு மீற்றர் அளவினவே. பல இடங்களில் கம்பை ஊன்றியே தோணியைத் தள்ளிச் செல்லலாம். நகரை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே பெரியகல்லாற்றிலும் ஆக, இரு வாயில்களால் அது கடலோடு தொடர்பு கொள்கின்றது. வறண்ட மாதங்களிலே கடலலை மணலைக் குவித்து வாயிலை அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது மணல்மேடு உடைபடும், அல்லது மனிதராலே வெட்டப்படும்.

ஆதலின், இது நன்னீர் ஏரியா உவர்நீர் ஏரியா என்று வினவுவோர்க்கு விடை மாதத்தைப் பொறுத்தது. வடகீழ்ப் பருவமழை பெய்து ஆறுகளும் வாய்க்கால்களும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் காலத்திலே, வாயிலுக்குத் தொலைவான பகுதிகளில் நீர் நன்னீரேயாகும். ஆற்றுவாழை மிதந்து வந்து துறைகளை அடைக்கும். கச்சான் காற்று வீசும் வெயிற்காலத்திலே அதே நீர் உவர்ப்பேறும். இம்மாற்றத்தை அறிந்து தம் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ளும் மீன்களே இவ்வாவியின் நிலையான குடிகள். அவற்றுள் ஓட்டுத் தூண்டிலுக்கு உரியது எது என்பதை அறிவது கற்பவனுக்கு முதற் பாடம்.

இலங்கையின் குளங்களில் இன்று மிகுதியாகப் பிடிபடும் திலாப்பியா இந்நாட்டின் மீனன்று. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது 1952ஆம் ஆண்டிலே இங்கு கொண்டுவரப்பட்டது. பாசியையும் நீரடியில் மக்கிக் கிடக்கும் பொருள்களையும் பெரும்பாலும் உண்டு வாழ்வதால், ஓடும் பொய்மீனை அது துரத்துவதில்லை. 1949ஆம் ஆண்டிலே வேலை தொடங்கி, கல்லோயாத் திட்டத்தின் கீழ் எழுந்த சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அது அமைந்துள்ள அம்பாறைப் பகுதி 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அத்துணைப் பெரிய நீர்ப்பரப்பிலும் வலைக்கு அகப்படும் திலாப்பியா ஓட்டுத் தூண்டிலுக்கு அகப்படுதல் அரிது. விரால் ஊனுண்ணும் மீன்தான். ஆயினும் அது பூண்டும் புல்லும் அடர்ந்த ஓரங்களில் பதுங்கி வாழ்வது. அங்கே கயிற்றை இழுத்துச் சென்றால் விரால் வருமுன் பூண்டு வந்து சிக்கும். வாவியிலே ஓட்டுத் தூண்டிலுக்கென்றே அமைந்தாற்போன்ற மீன் ஒன்றுண்டு. அது கொடுவா.

கொடுவா பதுங்கிப் பாயும் இயல்பினது. கண்டல் மரங்களின் வேர்ப்பந்தலிலும், பாலத்தின் தூண்களருகிலும், ஆழமும் ஆழமின்மையும் சந்திக்கும் விளிம்பிலும் அது அசையாது நிற்கும். மணலைக் குஞ்சும் இறாலும் கடந்து செல்லும்போது பெருவாயைத் திறந்து, நீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சிவிடும். விடியற் பொழுதும் அந்திப் பொழுதும் அதன் வேட்டைக்கு உகந்தவை. கடலருகிலும் வாவியிலும் ஆற்றின் நன்னீரிலும் ஒருங்கே வாழ வல்லது அது. எனவே, ஓட்டுத் தூண்டில் கற்பவன் உண்மையிலே கற்பது கொடுவாவின் பழக்கவழக்கங்களையே.

இனி, கற்பவன் யார்? முற்காலத்திலே இவ்வினா எழுந்திராது. தோணிக்காரன் மகன் தந்தையோடு தோணியில் ஏறுவான், கேளாமலே கற்றுக்கொள்வான். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலம் அச்சங்கிலியைப் பல இடங்களில் அறுத்துவிட்டது. இரவிலே வாவியில் இறங்குவது தடைப்பட்ட காலங்கள் உண்டு. பகலிலும் அஞ்சி அஞ்சியே தோணியைத் தள்ளிய காலங்கள் உண்டு. அதற்கிடையே 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரை ஊர்களை வாரிச் சென்றது. தந்தையிடம் கற்க வேண்டிய வயதிலே வாவியை நெருங்கவும் இயலாதிருந்த ஒரு தலைமுறை இன்று நடுவயதை எட்டியுள்ளது. அவர்களுடைய பிள்ளைகள் வாவியைப் பாலத்தின்மேலிருந்து பார்ப்பவர்களாய் வளர்கின்றனர். அப்பிள்ளைகளுள் ஒருவன் விடுமுறை நாளிலே துறைக்கு வந்து, ஊரிலே எஞ்சியிருக்கும் முதிய மீனவர் ஒருவரைப் பெரியப்பா என்றழைத்துத் தனக்கும் சொல்லித்தருமாறு கேட்பதாகக் கொள்வோம். அவர் என்ன சொல்லிக் கொடுப்பார்?

முதல் நாளிலே தூண்டிலைத் தரவே மாட்டார், துடுப்பையே தருவார். ஓட்டுத் தூண்டிலின் உயிர் தோணியின் வேகத்திலே உள்ளது. மிக விரைந்து வலித்தால் பொய்மீன் நீர்மேல் எழுந்து துள்ளும்; மீன் அதனை நம்பாது. மிக மெல்ல வலித்தால் அது ஆழ்ந்து சேற்றிலே உழும். மனிதன் அவசரமின்றி நடக்கும் வேகமே ஏற்ற வேகம். அவ்வேகத்தை ஒரு நாழிகை நேரம் மாறாது காத்தல், கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. புதியவன் முதலில் முழுவலியோடு வலித்து, பின்னர் களைத்து, தோணியை ஆடவிடுவான். துடுப்பு நீரில் விழும் ஓசையையும் முதியவர் கவனிப்பார். துடுப்பை அடிப்பவன் மீனை எச்சரிப்பவன். துடுப்பை நுழைப்பவனே மீனை அணுகுபவன்.

இரண்டாம் பாடம் கருவி. தங்கூசி எனப்படும் நைலோன் கயிறு பன்னிரண்டு பாகமேனும் தோணிக்குப் பின்னே நீண்டிருத்தல் வேண்டும். பாகமென்பது இரு கைகளையும் விரித்த அளவு. தோணியின் நிழலும் ஓசையும் அடங்கிய பின்னரே பொய்மீன் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இத்தூரம். கொடுவாவின் செவுள்மூடியின் விளிம்பு கத்தி போன்றது. வாயின் உட்புறம் அரம் போன்றது. ஆதலின் தூண்டில் முள்ளை அடுத்த ஒரு முழக் கயிறு தடித்ததாயிருத்தல் வேண்டும். பொய்மீன் கடையிலே வாங்கியதாகவும் இருக்கலாம். இலேசான மரத்திலே கையால் செதுக்கியதாகவும் இருக்கலாம்.

கையால் செதுக்கியதை இழிவென்று எவரும் கருத வேண்டுவதில்லை. உலகெங்கும் இன்று விற்பனையாகும் பொய்மீன்களுள் புகழ் பெற்ற ஒன்று அங்ஙனம் பிறந்ததே. பின்லாந்து தேசத்திலே லவுரி ரப்பலா என்னும் ஏழை மீனவர் ஒருவர் இருந்தார். பைஜன்னே என்னும் பெரிய ஏரியிலே தோணி வலித்து மீன்பிடித்து வாழ்ந்தவர். சிறுமீன் கூட்டத்தினிடையே பெருமீன் புகும்போது, நேராக நீந்தும் மீனை விடுத்து, காயம்பட்டு ஒருபுறம் சாய்ந்து தள்ளாடும் மீனையே அது தேர்ந்தெடுப்பதை அவர் கவனித்தார். 1936ஆம் ஆண்டிலே, சப்பாத்துத் தைப்பவர் பயன்படுத்தும் கத்தியால் தக்கைக் கட்டையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிய ஈயத்தாளைப் போர்த்தி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சிட்டு, அங்ஙனம் தள்ளாடும் பொய்மீன் ஒன்றை அவர் ஆக்கினார் என்பர். அவர் கண்டுபிடித்தது மரத்துண்டையன்று. பெருமீனின் கண் எதைத் தேடுகிறது என்பதை. வாவியிலே கற்பவனும் தன் பொய்மீனை முதலில் தோணியருகே இழுத்துப் பார்த்து, அது தள்ளாடுகின்றதா என்று தெளிந்த பின்னரே தூர விட வேண்டும்.

மூன்றாம் பாடமே கடினமானது. கயிற்றைத் தோணியிலே கட்டிவிடலாகாது. விரலிலே தாங்க வேண்டும். நீரினுள் பொய்மீன் துடிக்கும் துடிப்பு கயிற்றின் வழியே விரலுக்கு ஏறும். துடிப்பு ஒழுங்காயிருந்தால் பொய்மீன் நன்கு நீந்துகின்றது. துடிப்பு நின்று பாரம் மட்டும் தெரிந்தால் பூண்டு சிக்கியுள்ளது. இடையிடையே தட்டுத் தட்டென்று தெறித்தால் அடி மணலிலே உராய்கின்றது. துடிப்பு மங்கிச் சட்டென்று தளர்ந்தால், யாரோ பின்னாலிருந்து வாயிலே கவ்விக்கொண்டு முன்னோக்கி வருகின்றான் என்பது பொருள். கண்ணுக்குத் தெரியாத உலகமொன்றை விரல்நுனியாலே கேட்கும் வித்தை இது.

"கேக்குதா மனே?" என்பார் முதியவர்.

"ஒண்டும் கேக்கல்ல பெரியப்பா."

"மறுகா கேளு. கை கேட்கும், நீ பேசாம இரு."

மகனே என்னும் விளி மனே என்றும், பிறகு என்பது மறுகா என்றும் வழங்கும் இந்நாட்டுப் பேச்சிலே, கயிற்றைப் பிடித்துப் பார் என்று சொல்லாமல் கேள் என்று அவர் சொல்வதில் வியப்பில்லை. வாவியைக் கேட்டல் மட்டக்களப்பாருக்குப் பழகிய செயல். கல்லடிப் பாலத்தருகே நிலவுக் காலத்திலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலே இட்டு, மறுமுனையைக் காதிலே வைத்து, பாடும் மீனின் இசையைக் கேட்பது நெடுநாள் வழக்கம். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே மட்டக்களப்புக்கு வந்த ஆங்கில அரசாங்க அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்பார், இவ்வொலியைத் தாமே கேட்டுத் தம் நூலிலே எழுதி வைத்தார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பன்மடங்கு பெருகியதென்பது அவர் குறிப்பு. மீனவர்கள் அவ்வொலிக்குக் காரணமென்று காட்டியது ஊரி என்னும் சிப்பியினத்தை. மீனோ ஊரியோ, எதுவாயினும் ஆகுக. நீரிலே ஒலி காற்றிலும் நான்கு மடங்குக்கு மேலான வேகத்திலே செல்லும் என்பது அறிவியல் கண்ட உண்மை. மரமும் கயிறும் அதனைக் கரைக்கு ஏற்றும் ஏணிகள்.

நான்காம் பாடம் திரும்புதல். மட்டக்களப்பார் திரும்புதலைக் கிறுகுதல் என்பர். தோணி நேரே செல்லும்போது பொய்மீனும் ஒரே வேகத்திலே நேரே வரும். கிறுகும்போதோ ஒரு புதுமை நிகழ்கின்றது. இரு கயிறுகள் விட்டிருந்தால், வெளிப்பக்கத்துக் கயிறு அகன்ற வட்டத்திலே ஓட வேண்டியிருப்பதால் விரைந்து மேலெழும். உட்பக்கத்துக் கயிறு தளர்ந்து மெல்ல ஆழும். வெளிக்கயிற்றிலே மீன் பட்டால், அன்று மீனுக்கு வேகம் வேண்டும் என்றறியலாம். உட்கயிற்றிலே பட்டால், மெதுவும் ஆழமும் வேண்டும் என்றறியலாம். ஆதலால் அனுபவமுடையோர் நேர்கோட்டிலே செல்வதில்லை. பாம்பு போல வளைந்து வளைந்தே செல்வர். ஒவ்வொரு வளைவும் மீனிடம் கேட்கும் ஒரு வினா. அதே வளைவிலே கயிறுகள் ஒன்றோடொன்று முறுகிச் சிக்கிப்போவதும் உண்டு. புதியவன் பொறுமையின் முதற்சோதனையை அங்கேதான் காண்கின்றான்.

ஐந்தாம் பாடம் தூண்டிலைப் பற்றியதன்று, அயலாரைப் பற்றியது. வாவியிலே ஒருவன் மட்டும் வாழ்வதில்லை. இரவெல்லாம் கட்டிய வலைகள் விடியற்காலையிலே நீரின்கீழ் நிற்கும். மிதப்புக் கட்டைகளே அவற்றின் அடையாளம். கரையோரத்திலே அத்தாங்கு கொண்டு இறால் வடிக்கும் பெண்கள் இடுப்பளவு நீரிலே நிற்பர். பின்னே பன்னிரண்டு பாகம் கயிறு விட்டுச் செல்பவன், தன் தோணி கடந்துவிட்டது என்றெண்ணினாலும், தன் தூண்டில் இன்னும் கடக்கவில்லை என்பதை நினைக்க வேண்டும். பிறன் வலையிலே தன் முள்ளை மாட்டுபவன் அன்றைய நாளிலே ஒரு குடும்பத்தின் உலைக்குக் கல் போட்டவனாவான். மிதப்பைக் கண்டவுடன் கயிற்றைச் சுருட்டுதல் வேண்டும். இனி, பிற்பகலிலே சடுதியாக எழும் காற்றும் இடியும் சிறு தோணிக்கு ஆகா. கண்டல் ஓரங்களிலே முதலை உண்டு. அங்கே கையை நீரிலே தொங்கவிடலாகாது. இவை சிறு செய்திகளாகத் தோன்றினும், இவற்றை அறியாதவனுக்கு முதியவர் தூண்டிலைக் கையளிப்பதில்லை.

இவ்வளவும் கற்ற பின்னர் ஒரு நாள் கொடுவா படும். கயிறு விரலை அறுப்பதுபோல ஓடும். முப்பது பாகம் அப்பால் நீர் பிளந்து, வெள்ளிப் பலகை போன்ற உடல் மேலே எழுந்து, தலையை உதறும். பெருங்கொடுவாவின் இவ்வுதறலிலேயே முள் தெறித்துப் போவது வழக்கம். புதியவன் பதறி இழுப்பான். முதியவர் கயிற்றை விட்டுக்கொடுக்கச் சொல்வார். ஓட இடங்கொடுத்து, நின்றபோது சுருட்டி, மீண்டும் இடங்கொடுத்து, இறுதியிலே மீன் தோணியருகே பக்கம் சாய்ந்து வரும்போது, கற்பவனின் கைகள் நடுங்கிக்கொண்டிருக்கும். இத்துடன் கல்வி நிறைவெய்திற்று என்று பலர் எண்ணுவர். உண்மையிலே, மிக முக்கியமான பாடம் இப்போதுதான் தொடங்குகின்றது.

தோணியருகே வந்திருக்கும் அம்மீன் யார்? கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. அது ஆணாகவே முதிர்ச்சியடைகின்றது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள், ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர் அளவிலே, அது தந்தையாகும் பருவத்தை எய்தும். பின்னர் ஆறு முதல் எட்டு வயதளவிலே, எண்பது முதல் நூறு சென்ரிமீற்றர் வரை வளர்ந்த காலத்திலே, அதே மீன் பெண்ணாக மாறுகின்றது. எனவே பெருங்கொடுவாக்கள் பெரும்பாலும் தாய்கள். சிறியவை பெரும்பாலும் ஆண்கள். தாய் ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். ஆனால் நன்னீரிலே அம்முட்டைகள் பிழைப்பதில்லை. முட்டையிடும் மீன்கள் கடல்வாயிலை அடுத்த உவர்நீருக்குச் செல்ல வேண்டும். பொரித்த குஞ்சுகள் மீண்டும் வாயில் வழியே வாவிக்குள் வந்து கண்டல் நிழலிலே வளர வேண்டும். உள்நாட்டுக் குளங்களிலே கொடுவா தானாகப் பெருகாமைக்கும் காரணம் இதுவே. அணை கட்டிய நீரிலிருந்து அதற்குக் கடலுக்கு வழியில்லை.

ஓட்டுத் தூண்டிலோ பெருமீனையே தேடுவது. பெரிய பொய்மீனுக்குப் பெரிய வாய். பெருமையாகப் படமெடுத்துக் காட்டத்தக்க மீன் எதுவோ, அதுவே வாவியின் வருங்காலத்தை வயிற்றிலே சுமக்கும் மீன். இவ்வுண்மையை அறிந்த நாடுகள் சட்டத்திலேயே இடம் கொடுத்துள்ளன. அவுஸ்திரேலியாவிலே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும், சில நீர்த்தேக்கங்கள் நீங்கலாக, 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவையும் வைத்துக்கொள்ளலாகாது. குஞ்சும் பிழைக்க வேண்டும், தாயும் பிழைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

வாவியின் வாயிலைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்லல் வேண்டும். மாரி காலத்திலே வெள்ளம் ஏறி, படுவான்கரை வயல்களிலே பெரும்போக இளம்பயிர் நீரில் மூழ்கும்போது, முகத்துவாரத்தை உடனே வெட்டுக என்று கமக்காரர் கேட்பர். வாவி சடுதியாக வடிந்தால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீனவர் அஞ்சுவர். இருவர் வழக்கிலும் நியாயம் உண்டு. இருவருக்கும் உலை ஒன்றே. எந்த நாளில் வெட்டுவது என்பதை அரச அதிகாரிகள் இரு சாராரையும் கேட்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. அவ்வழக்கிலே கொடுவாவும் ஒரு சாரார். அதற்கு வாய் உண்டு, சொல் இல்லை. வாயில் எப்போது திறக்கின்றது, எவ்வளவு காலம் திறந்திருக்கின்றது என்பதிலே அதன் குலத்தின் வாழ்வு தங்கியுள்ளது.

இங்கே ஒரு தடை எழும். வறுமையிலே உழலும் மீனவனுக்கு இரண்டு முழக் கொடுவா ஒரு வார வருமானம் ஆகலாம்; அதனை விட்டுவிடு என்று கரையிலே நின்று சொல்வது எளிதன்றோ? தடை நியாயமானதே. பிள்ளையின் பாடசாலைச் செலவை மீனிலே காண்பவனுக்கு உபதேசம் செய்ய எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் ஓட்டுத் தூண்டிலுக்கும் வலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டுவலையிலே பட்ட மீனை மனிதன் காணும்போது அது பெரும்பாலும் இறந்திருக்கும். அதன்பின் தெரிவு என்பது இல்லை. தூண்டிலிலே பட்ட மீன் உயிரோடு முகத்துக்கு நேரே வருகின்றது. கொல்வதா விடுவதா என்ற வினாவை வலை கேட்பதில்லை, தூண்டில் கேட்கின்றது. எனவே, இன்பத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் இவ்வித்தையைக் கற்பவனும், உல்லாசப் பிரயாணிகளைத் தோணியிலே ஏற்றிச் செல்பவனும் அவ்வினாவுக்கு விடை சொல்ல முதலிலே கடமைப்பட்டவர்கள். அவர்களுடைய அடுப்பு அந்த ஒரு மீனை நம்பி எரிவதில்லை.

விடையை எளிதாக்க ஒரு வழி உண்டு. தோணியிலே அளவுகோல் கொண்டு செல்பவர் எவருமில்லை. துடுப்பு இல்லாமல் செல்பவரும் எவருமில்லை. துடுப்பின் முனையிலிருந்து ஒன்றேகால் முழத்தில் ஒரு கோடும், இரண்டு முழத்தில் மற்றொரு கோடும் கத்தியால் கீறி வைக்கலாம். முதற்கோட்டை எட்டாத மீன் இன்னும் தந்தையாகவில்லை. இரண்டாம் கோட்டைக் கடந்த மீன் தாயாகியிருத்தல் கூடும். இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்டது வீட்டுக்குப் போகலாம். கறிக்குச் சுவையானதும் அதுவே. மற்றவற்றை விடுவதற்கும் ஒரு முறை உண்டு. முள்ளின் எதிர்நுனியை முன்னரே குறட்டால் நசுக்கி வைத்தால் அது எளிதிலே கழலும். மீனை நீரைவிட்டுத் தூக்காமலே துடுப்போடு பொருத்தி அளத்தல் வேண்டும். கையை நனைத்த பின்னரே தொட வேண்டும். செவுளிலே விரல் விடலாகாது. வயிற்றைத் தாங்கி, தலையை நீரோட்டத்தை நோக்கி வைத்துப் பிடித்துக்கொண்டால், சிறிது நேரத்திலே அது தானாகவே வாலை அசைத்துக் கையைவிட்டுச் செல்லும்.

கற்பவன் அன்று வெறுங்கையோடு கரையேறலாம். ஊரார் என்ன பிடித்தாய் என்று கேட்கலாம். அவன் சொல்வதை நம்பாமலும் போகலாம். தோணியிலே அவனோடிருந்த முதியவர் ஒருவரே அதற்குச் சாட்சி. ஆயினும், வரும் மாரியிலே முகத்துவாரம் திறந்து, விரல்நீளக் குஞ்சுகள் கூட்டமாக உள்ளே நுழையும்போது, அவை எங்கிருந்து வந்தன என்று அவனுக்குத் தெரியும்.